பெரியவர்களுக்கு முதல் சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?



சின்ன வயதில் சைக்கிள் பழகக் கிடைக்காதவர்கள் நம் தோட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். லயத்துக்கு முன்னால் மேடு, பின்னால் பள்ளம். இதில் எங்கே ஓட்டிப் பழகுவது? ஆனால் 2022இல் எண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், டவுனுக்குப் போக பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை என்றானபோது, "ஒரு சைக்கிளாவது ஓட்டத் தெரிஞ்சிருந்தா!" என்று பலரும் பெருமூச்சு விட்டோம்.

நானும் அப்படித்தான். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, தீபாவளி அட்வான்ஸ் காசில் ஒரு சைக்கிள் வாங்கினேன். பெரிய 28 அங்குலச் சக்கரம், பளபளவென்று கறுப்பு பெயின்ட். "நல்லா உழைக்கும் அண்ணே" என்றார் கடைக்காரர். உழைக்கும்தான். ஆனால் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் என் கால் விரல்கூட தரையில் படவில்லை. இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாம் தடவை ஏற மனம் வரவில்லை. ஒரு வருஷம் அது காம்பராச் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. அதன் மேல் துணி காயப்போட்டோம்.

ஆகவே முதலாவது பாடம் இது. பழகப் போகும் பெரியவருக்கு, சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு உள்ளங்காலும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். கால் எட்டினால் பயம் போய்விடும். நடுவில் பார் உள்ள சைக்கிள் என்றால் பாருக்கு மேல் நின்று பாருங்கள். மூன்று விரல் இடைவெளியாவது இருக்கட்டும். நடுத்தர உயரமுள்ள பலருக்கு 26 அங்குலச் சக்கரம் சரிவரும். குள்ளமானவர்கள் 24 அங்குலம் பார்க்கலாம். "இது சின்னப் பிள்ளைங்க சைக்கிள்" என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நன்றாகப் பழகிய பிறகு சீட்டை உயர்த்திக்கொள்ளலாம். குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் ஓட்டுவதற்குச் சரியான உயரம்.

பெண்கள் லேடீஸ் சைக்கிள்தான் வாங்க வேண்டுமா? நம்மில் பலருடைய பாட்டன், பூட்டன் புறப்பட்டு வந்த சீமைகளில் ஒன்று புதுக்கோட்டை. 1991இல் அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கப் பழகிய பெண்களுக்குச் சைக்கிளும் பழக்க ஏற்பாடு செய்தார். வயல் வேலைக்காரப் பெண்கள், கல் உடைக்கும் பெண்கள் எல்லாரும் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் மணி அடித்தபடி ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிலருக்கு அதுவே பிடித்துப்போனது, நடு பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால். நம் மலைப்பாதையில் பாரில் பிள்ளையை வைப்பதற்கு நான் 'ஓம்' சொல்ல மாட்டேன். ஆனால் மலிவாக ஒரு ஜென்ஸ் சைக்கிள் கிடைத்து, காலும் எட்டினால், பெண்கள் அதை வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. சேலையோ நீளப் பாவாடையோ உடுத்துகிறவர்கள் செயின் கவர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது பிரேக். சமதரைக்காரனுக்கு இது இரண்டாம் பட்சமாக இருக்கலாம். நமக்கு அப்படியில்லை. மழை, பனி, ஈரம், அதோடு இறக்கம். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருளக் கூடாது. பிறகு ரிம்மில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் வழுக்கும். அலுமினிய ரிம் அதைவிட நன்றாகப் பிடிக்கும். எது என்று தெரியாவிட்டால், பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துப்போய் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு.

கியர் வேண்டுமா? பல்லை எண்ணினால் விஷயம் புரியும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், ஒரு மிதிக்கு 26 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 5 மீட்டர் ஓடும். ஏற்றத்தில் அதை மிதிக்க ஏலாது. முன்னால் 28, பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்கு 2 மீட்டர்தான். மெதுவாகப் போகும், ஆனால் ஏறும். களுத்துறை, கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் ஓரளவு சமமான பாதையில் போகிறவர்களுக்கு கியர் இல்லாத சைக்கிள் போதும். விலை குறைவு, பழுதும் குறைவு. தேயிலை மலையில் இருப்பவர்களுக்கு கியர் உதவும். ஆனால் மலிவான புது கியர் சைக்கிளில், முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்து ஆடுகிறதே, அந்த ஆடம்பரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பாரம்தான் கூடும்.

கையில் உள்ள காசு முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடவும் வேண்டாம். நாலில் ஒரு பங்கை டயர், டியூப், பிரேக் ரப்பர், லைட், ஹெல்மெட்டுக்கு ஒதுக்குங்கள். அதனால்தான் சீட்டுக் காசு எடுத்துப் புதிது வாங்குவதைவிட, நல்ல பழைய சைக்கிள் மேல் என்கிறேன். பழையது என்றால் ஹேண்டிலுக்குக் கீழே, குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கியிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் அது எதிலோ மோதிய வண்டி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ரிம் வளைந்து ஆடக் கூடாது. செயினை முன் பல்சக்கரத்தின் முன்பக்கம் பிடித்து இழுங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்குத் தூக்கினால் செயின் தேய்ந்தது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். வாங்கும்போது விற்பவரிடம் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரேமில் அடித்திருக்கும் இலக்கத்தையும் அதில் குறியுங்கள். களவு வண்டி என்று நாளைக்குப் பொலிஸ் வந்தால் அந்தத் துண்டுதான் பேசும்.

இனி பழகுவது. என் பெரிய சைக்கிளைக் கொடுத்து, காசு சேர்த்து, கால் எட்டுகிற பழைய ஒன்றை வாங்கிய பிறகு, இரண்டு பெடலையும் கழற்றிவிட்டேன். லேசான சரிவுள்ள புல் மைதானத்தில் சீட்டில் உட்கார்ந்து, காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போவதுதான் பாடம். யாரும் பின்னால் பிடித்து ஓடிவர வேண்டாம். பத்துப் பதினைந்து அடி காலைத் தூக்கிப் போக வந்ததும் பெடலைப் பூட்டலாம். எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பழகியும் செங்குத்தான இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன்.

பெடலைக் கழற்ற 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் எதிர் மரை. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. திரும்பப் பூட்டும்போது முதலில் கையாலேயே நாலு சுற்று ஏற்றுங்கள். லேசாக ஏறினால் மட்டும் ஸ்பேனரைப் போடுங்கள்.