சிகிச்சைக்குப் பின் வரும் மறதி

பெரிய நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது கேம்பல் பே. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் இவ்வூரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மார்பகப் புற்றுநோய்க்கு முழுமையான சிகிச்சை பெற விரும்பும் பெண் கடல் கடந்தே செல்ல வேண்டும். அவர் ஊர் திரும்பிய பின்னர் தோன்றும் ஒரு குறைபாடு போதிய கவனம் பெறுவதில்லை.

குறைபாட்டின் தன்மை

அடுப்பில் வைத்த பாலை மறத்தல், பழகிய சொல் நாவில் வராமை, கணக்கில் கவனம் நிலைக்காமை, இரு வேலைகளை ஒருங்கே செய்ய இயலாமை ஆகியன இதன் அறிகுறிகளாகும். கீமோதெரபி இதற்கு ஒரு காரணம். எனினும் அது மட்டுமே காரணமன்று. ஹார்மோன் சிகிச்சை, இரத்தசோகை, உறக்கமின்மை, களைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் பங்குண்டு. சிலரிடம் சிகிச்சை தொடங்குமுன்னரே இது காணப்படுகிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் படிப்படியாகக் குறையும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். முதுமை மறதிக்கான எளிய சோதனைகளில் இது பெரும்பாலும் புலப்படுவதில்லை. எனவே, "சோதனையில் குறையில்லை" என்று கூறி நோயாளியின் முறையீட்டைப் புறக்கணித்தல் தவறாகும்.

விளைவும் பரிகாரமும்

டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளைப் பொதுவாக 5 ஆண்டுகளேனும் நாள் தவறாது உட்கொள்ள வேண்டும். மறதியால் மாத்திரை தவறினால் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு கூடும். மறதிக்கு அஞ்சி மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தானதே. கப்பல் புறப்படும் நாளை மறந்தால், மறுபரிசோதனை தள்ளிப்போகும்.

இரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு, உறக்கக் கோளாறு ஆகியவற்றைக் கண்டறிந்து நீக்குதல் முதற்படியாகும். நாள்தோறும் நடைப்பயிற்சி, குறிப்பேடு, கிழமை குறித்த மாத்திரைப் பெட்டி, ஒரு நேரத்தில் ஒரே வேலை என்னும் ஒழுங்கு ஆகியன பெரிதும் பயன் தரும். திடீர்க் குழப்பம், வலிப்பு, கடுந்தலைவலி, கைகால் தளர்ச்சி ஆகியன இக்குறைபாட்டைச் சார்ந்தவை அல்ல. உடனே மருத்துவரை நாட வேண்டும்.

நிர்வாகத்தின் கடமை

30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்வது தேசியத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. நோயைக் கண்டறிவதோடு பணி முடிந்துவிடாது. ஊர் திரும்பியவரைச் சுகாதார ஊழியர் இல்லத்தில் சந்தித்து, மருந்தையும் மறதியையும் ஒருசேர விசாரிக்க வேண்டும். பணியிலுள்ள பெண்ணுக்கு உரிய ஓய்வும் எழுத்து வடிவிலான கட்டளைகளும் அளித்தல் அலுவலரின் பொறுப்பாகும். இம்மறதி சோம்பலன்று என்பதைக் குடும்பத்தாரும் உணர்தல் வேண்டும்.