சுளகில் கொட்டிப் பாருங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கரவெட்டியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. எழுபது கடந்த அம்மா பிரஷருக்கும் சீனிக்கும் மாதாமாதம் கிளினிக் போகிறா. மூன்று மாதமாக வறட்டிருமல், பாணி மருந்து இரண்டு போத்தல் முடிந்தும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் சொற்கேட்டுப் பிரஷர்க் குளிசையை விட்டா. மூன்று கிழமையில் இருமல் போனது. பிரஷர் மேல் எண் 180இல் வந்து நிற்கிறது. “குளிசைதான் உடம்பைக் கெடுத்ததா, அக்கா சொன்னது சரியா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அக்கா சொன்னதில் பாதி சரி. இருமல் குளிசையால்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் குளிசையை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக வேறொன்றும் போடாமல் இருப்பது ஆபத்து. கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அம்மாவை இந்தக் கிழமையே கூட்டிப்போங்கள். நெஞ்சு நோ, மூச்சு முட்டு, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் எது கண்டாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரி. இதை முதலில் சொல்லிவிட்டு ஆறுதலாக மிச்சத்துக்கு வருகிறேன். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே முப்பது வருடம் நின்றவன் நான். கொடுக்கிற அவசரத்தில் வாயால் சொல்ல முடியாமற் போனதை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்து எழுதிய பெயர் எனலாப்ரில். இதன் பூர்வீகம் ஒரு பாம்பு. பிரேசில் நாட்டு விரியன் ஒன்று தீண்டினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அந்த விஷத்தை ஆராய்ந்தவர்கள் எடுத்த பாதைதான் 1981இல் கப்டொப்ரில் என்ற குளிசையில் வந்து முடிந்தது. எனலாப்ரில் அதன் தம்பி. நம் உடம்பில் ஒரு நொதியம் இருக்கிறது. அதற்கு இரண்டு வேலை. இரத்தக் குழாயை இறுக்குகிற ஒரு பொருளை உண்டாக்குவது ஒன்று. பிரடிகைனின் என்ற இன்னொரு பொருளை உடைத்து அகற்றுவது மற்றது. எனலாப்ரில் அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. குழாய் தளர்கிறது, பிரஷர் இறங்குகிறது. ஆனால் உடைபடாத பிரடிகைனின் சுவாசக் குழாயில் சேர்ந்து, சிலருக்குத் தொண்டையை அரிக்க வைக்கிறது. சளியில்லாத, இரவிலும் விடாத இருமல் அதனால்தான். பிரஷரைக் குறைத்ததும் இருமலைத் தந்ததும் ஒரே செயல். பாணி மருந்து இதற்கு என்ன செய்யும்?

இதற்கு மாற்று உண்டு. லொசாட்டன் என்ற குளிசை அந்த நொதியத்தைத் தொடாமல், ஒரு படி தள்ளி நின்று வேலை செய்வதால் இருமல் மிக அரிது. அம்மாவுக்கு அது பொருந்துமா என்று டொக்டர்தான் சொல்லவேண்டும். அவரிடம் இருமலைச் சொல்லாதவரை அவர் எப்படி மாற்றுவார்? ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: எனலாப்ரில் போடுகிறவருக்கு உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அது இருமல் மாதிரிப் பொறுத்திருக்கிற விசயமல்ல. உடனே ஆஸ்பத்திரி.

எந்தக் குளிசைக்கும் முழங்கால் எது, வயிறு எது என்று தெரியாது. இரத்தம் கொண்டுபோகிற இடமெல்லாம் போய், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறது. மூட்டு நோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்குகிற டைக்குளோபினக்கைப் பாருங்கள். நோவையும் வீக்கத்தையும் உண்டாக்குகிற புரொஸ்ரகிளண்டினை அது தடுக்கிறது. அதே புரொஸ்ரகிளண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது; சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமலும் பார்க்கிறது. முழங்கால் சுகமாக, வயிறு எரிகிறது. எனலாப்ரிலும், சலம் போகக் கொடுக்கிற குளிசையும் போடுகிற ஒருவர் இதையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்தாலும் இடி. மாரி மழையோடு டெங்கு வரும் காலத்தில் இன்னொரு பயமும் உண்டு. காய்ச்சலுக்கு டைக்குளோபினக்கோ அஸ்பிரினோ போட்டால் இரத்தக் கசிவு கூடும். அப்போது பரசிற்றமோல் மட்டும்தான்.

அம்மாவின் கால் மாலையில் வீங்குகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் பிரஷருக்கான இன்னொரு குளிசை, அம்லோடிப்பின், இருக்கிறது. அது சிறு நாடிகளை விரிக்கிறது, நாளங்களை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வருகிற இரத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. ‘கிட்னி பழுதாகிவிட்டது’ என்று பயந்து, வீக்கத்துக்கு இன்னொரு குளிசை வாங்கிப் போடுகிறவர்கள் பலர். இருமலுக்குப் பாணி வாங்கினதும் இந்தக் கதைதான். முதலில் வருத்தத்துக்கு மருந்து. பிறகு மருந்துக்கு மருந்து. வீக்கம் வேறு காரணத்தாலும் வரும் என்பதால் டொக்டரிடம் காட்டுங்கள். காட்டும்போது குளிசையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சீனிக்கு மெற்போமின். ஈரல் இரத்தத்துக்குள் விடுகிற சீனியை அது குறைக்கிறது. தொடக்கத்தில் வயிற்றைப் புரட்டும். சாப்பாட்டோடு போட்டால் தணியும். மெல்லக் கரைகிற வகைக் குளிசையின் வெற்றுக்கூடு மலத்தோடு அப்படியே வருவதுண்டு. மருந்து உள்ளே இறங்கிவிட்டது, பயப்படத் தேவையில்லை. நெடுங்காலம் போட்டால் பி12 விற்றமின் குறையலாம். உங்கள் வீடு சைவச் சாப்பாட்டு வீடு என்கிறீர்கள். பி12 மச்சத்திலும் முட்டையிலும் பாலிலும்தான் இருக்கிறது. அம்மாவுக்குக் கால் விறைப்பு இருந்தால் எல்லாவற்றையும் சீனியின் தலையில் போடாமல், இதையும் ஒருக்கால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கந்தசஷ்டிக்கு அம்மா ஆறு நாளும் உபவாசம் என்பதை வாசித்ததும் எனக்குத் திக்கென்றது. மெற்போமின் தனியாக இருந்தால் சீனியை ஆபத்தாக இறக்குவது அரிது. ஆனால் அம்மாவுக்குச் சீனிக்கே கிளிக்கிளசைட் என்ற குளிசையும் இருக்கிறது. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, வயிறு வெறுமையா நிறைவா என்று பார்க்காது. சாப்பிடாமல் அதைப் போட்டால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம். நல்லூர் வீதியில் மயங்கி விழுந்தால் பக்கத்தில் நிற்கிறவர் அதைப் பக்திப் பரவசம் என்று நினைத்துவிடலாம். விரதத்தை விடச் சொல்லவில்லை. விரதத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னமே கிளினிக்கில் சொல்லி, குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். முருகன் கோபிக்கமாட்டார்.

இனி நான் உங்களிடம் கேட்கிற ஒரு வேலை. வீட்டிலுள்ள மருந்து முழுவதையும், சொப்பிங் பாக்கில் உள்ளது, அலுமாரியில் உள்ளது, சாமித்தட்டுக்குப் பக்கத்தில் உள்ளது எல்லாவற்றையும், ஒரு சுளகில் கொட்டுங்கள். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த போத்தல்களும் சேர வேண்டும். பிறகு பெரிய எழுத்தில் உள்ள கம்பனிப் பெயரை விட்டு, கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரை வாசியுங்கள். மாமாவின் ரைலினோலில் அசற்றமினோபின் என்றிருக்கும். அது நம் பனடோலில் உள்ள பரசிற்றமோலேதான். காய்ச்சலுக்குப் பனடோல், உடம்பு நோவுக்கு ரைலினோல் என்று இரண்டையும் போட்டால் ஒரே மருந்தின் இரட்டிப்பு. 500 மில்லிகிராம் குளிசை ஒரு பெரியவருக்கு நாளுக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. மிஞ்சினால் ஈரல் கெடும், அதுவும் முதல் நாளில் ஒன்றும் காட்டாமல்.

இந்தச் சின்ன எழுத்துப் பெயருக்காக இந்த நாட்டில் ஒரு மனிதர் பெரிய கம்பனிகளோடு மல்லுக்கட்டினார். இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்குத் தலைவராக இருந்து, மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, மருந்தின் பெயராலேயே வாங்கவும் எழுதவும் வழிசெய்தார். அவர் 1977இல் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே வருடம்தான். கிளினிக்கில் போன மாதம் வெள்ளையாக இருந்த குளிசை இந்த மாதம் மஞ்சளாக வருவதும் இப்படி மருந்தின் பெயரால் வாங்குவதால்தான்: கம்பனி மாறும், மருந்து மாறாது. 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் கிடைத்ததை எல்லாம் வாங்கிய காலத்தில், நிறத்தை நம்பியவர்கள்தான் அதிகம் குழம்பினார்கள்.

மருந்து உறையில் எழுதியிருப்பது விளங்கவில்லை என்ற உங்கள் முறைப்பாடு நியாயமானது. மேன் என்றால் காலை, நொக்ற் என்றால் இரவு, பி.டி. என்றால் இரண்டு வேளை, ரி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. எல்லாம் இலத்தீன். இத்தனைக்கும், 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன், 1860களிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை என்று தமிழில் நூல்கள் ஆக்கியவர். அந்த மண்ணில் நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகும் ஒரு தாய் தன் குளிசையை ‘அந்தச் சின்ன வெள்ளை’ என்றுதான் அடையாளம் சொல்கிறா.

ஆகையால் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீங்களே தமிழில் எழுதிக் கொடுங்கள்: மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை மணிக்கு, போட்டபின் என்ன செய்தது. அம்மாவை அதை இரண்டு தரம் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். டொக்டருக்கு முன்னால் கதிரையில் இருந்ததும் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். “எனலாப்ரில் போட்டால் எனக்கு இருமுது ஐயா” என்று அம்மாவே சொல்லட்டும். மாற்றிக்கொடுக்க அவருக்கு அந்த ஒரு வசனம் போதும்.

அன்புடன்,
யன்னலுக்கு உள்ளே நின்ற அண்ணன்