நீடாலன் கம்பி ஆலையில் கற்ற பாடம்

நிறுவனமொன்றில் மாற்றத்தை வழிநடத்தும் திறன் ஏட்டறிவால் மட்டும் வருவதன்று. சிறிய செயற்றிட்டம் ஒன்றை நடத்திப் பார்க்கையிலேயே கைவரும். இதற்குச் சான்று ஒஸ்லோவிலேயே உண்டு.

1960களின் நடுப்பகுதியில், தொழிற்சங்கக் கூட்டமைப்பினதும் முதலாளிமார் சங்கத்தினதும் ஆதரவுடன், உளவியலாளர் ஐனார் தோர்ஸ்ருட்டின் ஆய்வுக்குழு நீடாலனில் இருந்த கிறிஸ்தியானியா ஸ்பீகர்வெர்க் ஆலையின் கம்பி இழுக்கும் பிரிவில் பரிசோதனை ஒன்றை நடத்தியது. அதுவரை ஒவ்வொரு தொழிலாளியும் தமக்குரிய இயந்திரத்தைத் தனித்தே கவனித்து வந்தார். ஒருவர் அறுந்த கம்பியோடு திணறுகையில் அடுத்தவர் வேலையின்றி நிற்பார். குழுவாகப் பல இயந்திரங்களைப் பொறுப்பேற்றபோது உற்பத்தி உயர்ந்தது, ஊதியமும் உயர்ந்தது. சிக்கல் அங்கேதான் எழுந்தது. அவ்வூதியம் ஆலையின் ஏனைய பிரிவினரது ஊதிய ஒழுங்கைக் குலைக்கும் என்ற அச்சத்தால் முயற்சி பரவாது நின்றுபோயிற்று. வேலைமுறையில் பிழையில்லை, அயற்பிரிவுகளை எண்ணிப் பாராமையே குறை எனலாம்.

இன்றைய பணிச்சூழல் சட்டம், தம் வேலையைப் பாதிக்கும் மாற்றங்களைத் திட்டமிடுகையில் ஊழியரும் அவர்தம் பிரதிநிதிகளும் பங்குகொள்ள வழிசெய்கிறது. ஆகவே மாற்றமொன்றை முன்மொழிபவர் அதனை ஒரே பிரிவில், குறித்த காலத்துக்குச் சோதனையாகத் தொடங்குவது நன்று. அதற்கு முன்னரே தொழிற்சங்கப் பிரதிநிதியையும், ‘வெர்னஓம்பூட்’ எனப்படும் பாதுகாப்புப் பிரதிநிதியையும் கலந்துகொள்ளல் வேண்டும். முயற்சி வெற்றிபெற்றால் யாருடைய ஊதியமும் வேலைப்பங்கீடும் எவ்வாறு மாறும் என்பதையும் அப்போதே எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.