தேனும் டப்பா பாலும்: புதிதாக வேலைக்கு வந்த செவிலியர்களுக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். துணை சுகாதார நிலையங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அமெரிக்காவில் பைஹார்ட் நிறுவனத்தின் பால் பவுடரைக் குடித்த கைக்குழந்தைகளுக்குப் போட்டுலிசம் வந்து, 2025 நவம்பரில் அந்த நிறுவனம் தன் பவுடர் முழுவதையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதே, அது நம் ஊருக்கும் வருமா என்று.

அந்த டப்பா அமெரிக்கச் சந்தைக்கு உரியது. ஆனால் அந்தக் கிருமி எல்லா ஊர் மண்ணிலும் உண்டு. போதாததற்கு நம் வீட்டு அலமாரியில் மலைத்தேன் புட்டியும் இருக்கிறது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

1. முதலில் நோய் என்னவென்று உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமி வித்தாக மாறி மண்ணிலும் தூசியிலும் வருடக்கணக்கில் கிடக்கும். பெரியவர்கள் அந்த வித்தை விழுங்கினால் பொதுவாக ஒன்றும் ஆகாது. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல கிருமிகள் அதை முளைக்க விடுவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து குடலிலேயே முளைத்து நஞ்சைச் சுரக்கும். நரம்பு தசைக்கு இடும் கட்டளையை அந்த நஞ்சு தடுத்துவிடும். தசை ஒவ்வொன்றாகத் தளரும், மேலிருந்து கீழாக: முதலில் கண், முகம், தொண்டை, பிறகு கழுத்து, பிறகு கை கால், கடைசியில் மூச்சு. 1976-ல்தான் கலிபோர்னியாவில் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். நம் நாட்டில் மிக அரிதாகவே பதிவாகிறது. அரிது என்பதால்தான் யார் நினைவுக்கும் வருவதில்லை.

2. மலச்சிக்கலை அலட்சியமாக விடாதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் அறிகுறி அதுதான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் போகாமல் இருப்பதுண்டு. அது நன்றாகக் குடிக்கும், சிரிக்கும், காலை உதைக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மலம் போகாததோடு பால் குடிப்பதும் குறைந்தால் அது வேறு கதை. வீட்டில் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைத்துப் பார்த்திருப்பார்கள். “வச்சோம் நர்சம்மா, அப்பவும் போகலை” என்று ஆச்சி சொன்னால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பால் குடிக்கிறதா, அழுகை எப்படி இருக்கிறது, தலை நிற்கிறதா என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். கெட்ட வித்து வயிற்றுக்குள் போன 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் அறிகுறி தோன்றலாம். ஆகவே கடந்த ஒரு மாதத்தில் வாயில் என்ன வைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

3. குழந்தையைக் கையில் வாங்குங்கள். தூளியை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு “தூங்குது” என்று எழுதிக்கொண்டு வருவது பார்வையிடல் ஆகாது. சோப்பு போட்டுக் கழுவிய சுண்டு விரலை வாயில் வையுங்கள். நன்றாக இருக்கும் குழந்தை விரலை இழுத்துப் பிடித்துச் சப்பும். இந்த நோயில் உதடு விரலைச் சுற்றி மூடவே மூடாது; நாக்கு சும்மா கிடக்கும்; குடித்த பால் கடைவாய் வழியே ஒழுகும். இரண்டு இமையும் பாதிக் கண்ணை மூடியிருக்கும். வீட்டார் தூக்கக் கலக்கம் என்பார்கள். முகத்தில் அசைவு இருக்காது. கொஞ்சினால் பதிலுக்கு ஒரு சுளிப்புகூட வராது. அழுகை பூனைக்குட்டி முனகுவதுபோல் தேய்ந்திருக்கும். இரண்டு கையையும் பிடித்து மெதுவாகத் தூக்கினால் தலை பின்னால் விழும்.

கண்மணியையும் பாருங்கள். அறையை இருட்டாக்கி டார்ச் வெளிச்சத்தை ஒரு கண்ணில் அடித்து, எடுத்து, மறுபடி அடியுங்கள். முதல் முறை கண்மணி டக்கென்று சுருங்கும். ஓரிரு நிமிடம் திரும்பத் திரும்ப அடிக்க அடிக்கச் சுருக்கம் மந்தமாகும். ஒரே தடவை அடித்துவிட்டு “நார்மல்” என்று எழுதினால் இது பிடிபடாமல் போய்விடும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. உடம்பு சுடாத குழந்தை, தெளிவாக விழித்திருக்கும் குழந்தை, ஆனால் துவண்டு கிடக்கிறது என்றால் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியது இந்த நோய்.

4. “உரம் விழுந்திருக்கு” என்ற பேச்சு காதில் விழுந்தால் அன்றே அந்த வீட்டுக்குப் போங்கள். தலை நிற்காமல் சாய்ந்தால் நம் பக்கம் உரம் என்பார்கள். சேலையில் போட்டு இரண்டு பேர் இருபுறமும் பிடித்து உருட்டுவார்கள். பால் குடிக்காவிட்டால் தொக்கம் என்று தொண்டையில் விரல் விடுவார்கள். கழுத்துத் தசை தளர்ந்த குழந்தையை உருட்டினால் மூச்சு தடைப்படும். விழுங்க முடியாத குழந்தையின் தொண்டையைக் கிளறினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். உரம் எடுக்கும் பாட்டியை எதிரியாக்காதீர்கள், தாயி. ஊரில் துவண்ட குழந்தை முதலில் வந்து சேரும் இடம் அவர் வீட்டுத் திண்ணைதான். “கண் இமை தொங்கினா, அழுகை சன்னமா இருந்தா தொடாதீங்க அப்பத்தா, எனக்கு ஒரு போன் போடுங்க” என்று அவரிடம் சொல்லி வையுங்கள். அவர் கேட்பார்.

5. தேன் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாவற்றிலும் அழுத்தமாக நான் சொல்ல வருவது இதைத்தான். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது நம் வழக்கம். குடும்பத்தில் நல்ல பேர் எடுத்த ஒருவர் விரலால் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொட்டு வைப்பார். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிறகு வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், சுக்கு எல்லாம் உரைத்து அதையும் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். தேனில் இந்த வித்து இருக்கக்கூடும் என்பது 1970-களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. உலகம் முழுக்கக் குழந்தை மருத்துவர்கள் ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது என்கிறார்கள்.

இங்கே உடனே வரும் பதில் எனக்குத் தெரியும்: “இது கடைத்தேன் இல்லை நர்சம்மா, மேகமலைக் கொம்புத்தேன், சுத்தமானது.” சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலையில் பளியர் எடுத்த தேனாக இருந்தாலும், குமுளி ரோட்டில் வாங்கியதாக இருந்தாலும், கம்பெனி புட்டியாக இருந்தாலும் வித்து இருக்கலாம். அதைக் கண்ணால் காண முடியாது, வாசனையில் தெரியாது, தேனைச் சூடு பண்ணினாலும் போகாது. பெரியவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும். சேனைச் சடங்கையே நிறுத்து என்று சண்டை போட்டால் தோற்றுப்போவீர்கள். தாய்மாமனோ தாத்தாவோ கையைக் கழுவிவிட்டுத் தாயின் சீம்பாலை ஒரு சொட்டு உதட்டில் தொட்டு வைக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். பேறுகாலத்துக்கு முன்பே, ஏழாம் மாதம் வளைகாப்புக்கு உறவெல்லாம் கூடும் வீட்டில் பேசுங்கள். பிள்ளை பிறந்த அன்று பேசினால் தேன் ஏற்கெனவே நாக்கில் இருக்கும்.

6. சொல்ல வேண்டியது பெற்றவளிடம் மட்டும் இல்லை. விடியும் முன்னே கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் எத்தனை தாய்மார் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பகல் முழுக்கப் பிள்ளை அம்மாச்சியிடம். பால் குறைந்ததையும் அழுகை தேய்ந்ததையும் பார்க்கப்போவது அம்மாச்சிதான். நீங்கள் காலை பத்து மணிக்குப் போகும்போது வீட்டில் இருப்பவரும் அவர்தான். அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். “அம்மாவை வரச் சொல்லுங்க” என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

7. டப்பா பால் கொடுக்கும் வீட்டில் டப்பாவைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வாங்கி வந்த அன்றே பவுடரை எவர்சில்வர் சம்படத்தில் கொட்டிவிட்டு, டப்பாவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். பேட்ச் எண்ணும் அதோடு போய்விடுகிறது. டப்பாவின் அடியில் இருக்கும் அந்த எண்ணை செல்போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னால் போதும். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ ஆசையாகக் கொண்டு வந்த டப்பா என்றால் இது இன்னும் முக்கியம். அங்கே திரும்பப் பெற்றதாக அறிவித்தாலும் இங்கே நம் காதுக்கு எட்டாது.

திரும்பப் பெற்ற பவுடர் என்று தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். மிச்சத்தை நாய்க்கோ கன்றுக்கோ ஊற்ற வேண்டாம். டப்பாவை மூடி, தேதி எழுதி, யார் கையும் படாத இடத்தில் ஒரு மாதம் வைத்திருங்கள். குழந்தைக்கு ஏதாவது வந்தால் பரிசோதனைக்கு அது தேவைப்படும். பாட்டில், கரண்டி எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கடையில் வைத்திருக்கிறார்கள் என்பதால் நல்ல டப்பா என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவில் திரும்பப் பெற்ற பிறகும் பெரிய பெரிய கடைகளின் அலமாரியில் அந்த டப்பாக்கள் இருந்தன. அதற்காக வால்மார்ட், டார்கெட் உட்பட நான்கு நிறுவனங்களுக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2025 டிசம்பர் கணக்குப்படி, சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து, 19 மாநிலங்களில் 51 குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு குழந்தையும் இறந்ததாக அறிவிக்கப்படவில்லை.

பவுடரை நன்றாகக் கொதித்த தண்ணீரில் கலக்கினால் போதாதா என்று கேட்பார்கள். வேறு சில கிருமிகள் சாகும். அதற்காக 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்குவது நல்லதுதான். இந்த வித்து கொதிநிலையையும் தாங்கும். அழுத்தத்தோடு 121 டிகிரி வரை போனால்தான் அழியும். அது தொழிற்சாலை வேலை, அடுப்படி வேலை இல்லை.

உங்கள் வாயால் எந்த டப்பாவின் பெயரையும் சிபாரிசு செய்யாதீர்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டம், தாய்ப்பாலுக்கு மாற்றான பவுடரை சுகாதாரப் பணியாளர் வழியாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது.

8. சந்தேகம் வந்தால் அன்றே அனுப்புங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இந்த நோயில் கிடையாது. காலையில் இமை மட்டும் தொங்கிய குழந்தைக்கு ராத்திரி மூச்சு நிற்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கு செயற்கைச் சுவாசம் வைக்கும் வசதி உள்ள இடத்துக்கே போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதைத் தாண்டினால் மதுரை. கம்பத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. தலை முன்னால் மடங்கி மூச்சுக்குழல் அழுந்தாதபடி கழுத்தை நேராகத் தாங்கிப் பிடிக்கத் தாய்க்குக் காட்டிக் கொடுங்கள்.

9. பரிந்துரைச் சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: கடைசியாக மலம் போனது எப்போது, காய்ச்சல் உண்டா, தேன் கொடுத்தார்களா, என்ன பவுடர், என்ன பேட்ச். இதற்கு ஒரு காரணம் உண்டு. துவண்டு, பால் குடிக்காமல் வரும் சிசுவுக்கு எல்லோரும் முதலில் நினைப்பது ரத்தத்தில் கிருமித் தொற்று. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, குறிப்பிட்ட சூழ்நிலைகளில் செவிலியரே ஜென்டாமைசின் ஊசி போட 2014-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. பல உயிரைக் காக்கும் மருந்து அது. ஆனால் போட்டுலிசத்தில் ஜென்டாமைசின் வகை மருந்துகள் தசைத் தளர்ச்சியை இன்னும் கூட்டிவிடும். நீங்களாக ஊசியை நிறுத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு போடவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் போன் செய்து, “சார், காய்ச்சல் இல்லை, மலச்சிக்கல், இமை தொங்குது, தேன் கொடுத்திருக்காங்க, போட்டுலிசமா இருக்குமோ” என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடிவு அவருடையது. அந்தப் பெயரை அவர் காதில் போடுவது உங்கள் வேலை.

10. வீட்டாருக்கு நம்பிக்கை கொடுங்கள். அது பொய் நம்பிக்கை இல்லை. மலத்தைப் பரிசோதித்துத்தான் நோயை உறுதி செய்ய முடியும், அதற்கு நாளாகும். சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. கலிபோர்னியா சுகாதாரத் துறை தயாரிக்கும் பேபிபிக் என்ற எதிர்மருந்துக்கு 2003-ல் அங்கே உரிமம் கிடைத்தது. அது மருத்துவமனையில் கிடக்கும் காலத்தைச் சராசரி 5.7 வாரத்திலிருந்து 2.6 வாரமாகக் குறைத்ததாக 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் மருத்துவமனை அலமாரியில் கிடைக்கும் மருந்து இல்லை அது. வேண்டுமென்றால் மருத்துவர்தான் அங்கே தொடர்புகொண்டு கேட்க வேண்டும். அது இல்லாமலும் மூச்சுக்குக் கருவி, பாலுக்கு மூக்குக்குழாய், பொறுமையான கவனிப்பு இவை இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுதாகத் தேறிவிடும். நரம்பு முனை புதிதாகத் துளிர்க்க வாரக்கணக்கும் சில சமயம் மாதக்கணக்கும் ஆகும். அந்த நாள்களில் தாய் பாலைப் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். நிறுத்திவிட்டால் பால் வற்றிப்போகும்.

புதன்கிழமை தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒவ்வொரு ஆச்சியிடமும் ஊசி போடும் முன் கேளுங்கள்: தேன் தொட்டு வைத்தீர்களா? வைத்திருந்தால் கோபப்படாதீர்கள். தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதிலிருந்து ஒரு மாதம் அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.