முதுகெலும்பு அடிபட்டவரை ஏற்றிச் செல்லும் முறை

புனே நகரை அடுத்த கட்கியில், தண்டுவடம் சிதைந்து கை கால் செயலற்ற படைவீரர்களுக்கான மறுவாழ்வு நிலையம் 1974 முதல் இயங்கி வருகிறது. அறுந்த தண்டுவட நரம்புகள் பெரும்பாலும் மீண்டும் இணைவதில்லை. எலும்பு முறிந்தும் தண்டுவடம் சிதையாதிருக்கும் ஒருவரைத் தவறாகத் தூக்கினால், முறிந்த எலும்பே அதனை நசுக்கிவிடக்கூடும். ஆகவே ஆம்புலன்ஸ் வண்டியின் வேகத்தைவிடத் தூக்கும் முறையே முதலில் கவனிக்கத்தக்கது.

கழுத்திலோ முதுகிலோ வலியும், கால்களில் உணர்வின்மையும் காணப்படின், அவரை உட்கார வைத்தலும், தோளையும் காலையும் மட்டும் பற்றித் தூக்குதலும் கூடா. முதற்கண் மூச்சு தடையின்றி ஓடுகிறதா என நோக்குக. பின்னர் ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமல் பற்றிக் கட்டளையிட வேண்டும். மற்ற மூவர் தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றைப் பிடித்து, மரக்கட்டையை உருட்டுவதுபோல் உடல் முழுவதையும் ஒருசேரப் புரட்டிப் பலகையில் கிடத்த வேண்டும். வழியில் வாந்தி எடுப்பினும் இவ்வாறே ஒருக்களித்தல் வேண்டும்.

கடினமான பலகை தூக்குவதற்கே உரியது. உணர்வற்ற உடலில் அழுத்தப்புண் விரைவில் தோன்றுமாதலால், நெடும்பயணத்திற்கு மெத்தையிட்ட படுக்கையே ஏற்றது.

ஆசிரியர்கள் நான்கு மாணவர்களைக் கொண்டு இம்முறையை வகுப்பில் பழக்குவாராக. கட்டளை கிடைக்குமுன் எவர் கையும் அசையலாகாது என்பதே இப்பாடத்தின் உயிர்நாடி.