புல்டாக்கின் மூச்சும் வெப்பமும்

ஓடிக் களைத்த நாய் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். ஆகவே நாக்கு, வாய், மூக்கு ஆகியவற்றிலுள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது பெரும்பாலும் தன் உடலைக் குளிர்வித்துக் கொள்கிறது. நமக்குத் தோல் செய்யும் வேலையை நாய்க்கு மூச்சுப் பாதை செய்கிறது. அந்தப் பாதை குறுகிவிட்டால் என்ன நேரும்? புல்டாக் என்னும் நாயினத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

குணம் மாறியது, முகமும் மாறியது

இங்கிலாந்தில் முன்பு காளையைக் கட்டிப் போட்டு, அதன்மேல் நாய்களை ஏவிவிடும் கொடிய விளையாட்டு ஒன்று இருந்தது. அதற்கென வளர்க்கப்பட்ட நாயே புல்டாக். 1835ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விளையாட்டைத் தடை செய்தது. அதன்பின் நாய்க் கண்காட்சிகள் தோன்றின. மூர்க்கம் குறைந்த நாய்களையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால், இன்றைய புல்டாக் சாதுவானது. வீட்டாரிடம் மிகுந்த பாசம் உடையது. சற்றுப் பிடிவாதமும் உண்டு.

அதே தேர்வு முகத்தையும் மாற்றிவிட்டது. தட்டை முகமே அழகு என்று கருதப்பட்டதால், தலைமுறைக்குத் தலைமுறை மூக்கு குட்டையாகியது. முக எலும்பு குறுகியது. ஆனால் நாக்கும், மேல்வாயின் பின்பகுதியான மென்னண்ணமும் அதற்கேற்பக் குறுகவில்லை. சிறிய உறைக்குள் பெரிய தலையணையைத் திணித்தது போல, அவை காற்று செல்லும் வழியை அடைத்து நிற்கின்றன. நாசித்துளைகளும் ஒடுங்கின. பல புல்டாக்குகளுக்கு மூச்சுக்குழலும் குறுகலானது.

ஒரு சிறு கணக்கு

25 கிலோகிராம் எடையுள்ள புல்டாக்கின் உடல் வெப்பநிலை 1° செல்சியஸ் குறைய வேண்டும் என்று கொள்வோம். உடலின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 3.5 கிலோஜூல். எனவே வெளியேற வேண்டிய வெப்பம் 25 × 3.5 = 87.5 கிலோஜூல். உடல் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, 36 கிராம் நீர் ஆவியானால் போதும்.

இவ்வளவுதானா என்று எண்ணாதீர்கள்! அந்த ஆவியைச் சுமந்து செல்லக் காற்று வேண்டுமே. உடல் வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 45 மில்லிகிராம் நீராவியையே ஏற்கும். உள்ளே செல்லும் காற்று முற்றிலும் உலர்ந்திருந்தாலும்கூட 800 லிட்டர் தேவை. புழுக்கமான நாளில் இன்னும் மிகுதியாகத் தேவைப்படும்.

இப்போது குழாயைக் கவனியுங்கள். ஒரு குழாயில் பாய்மம் சீராக ஓடும்போது, அழுத்த வேறுபாடும் நீளமும் மாறாதிருந்தால், ஓட்டம் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது பாய்சொய் விதி. ஆரம் 5 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டராகக் குறைந்தால், ஓட்டம் முன்பிருந்ததில் 41 விழுக்காடாகிவிடும். வளைவும் நெளிவுமான மூச்சுப் பாதைக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. ஆயினும் சிறு ஒடுக்கம் பெரும் தடையாகும் என்பது அங்கும் உண்மையே.

தடையை வெல்ல மூச்சுத் தசைகள் கடுமையாக உழைக்கின்றன. அந்த உழைப்பே மேலும் வெப்பத்தை உண்டாக்குகிறது. வேகமாக இழுக்கப்படும் காற்றினால் தொண்டைத் திசுக்கள் வீங்கி, வழி மேலும் அடைபடுகிறது. நாயின் இயல்பான வெப்பநிலை 38° முதல் 39° வரை. 41°-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பிரிட்டனில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வின்படி, லாப்ரடார் இனத்தைவிடப் புல்டாக்கிற்கு வெப்ப நோய் வரும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு.

செய்ய வேண்டியவை

புல்டாக் வளர்க்கும் வீட்டில், வெயில் ஏறுமுன் அதை உலாவச் செய்ய வேண்டும். எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை கட்டுவது நல்லது. முகத் தோலின் மடிப்புகளைத் துடைத்து உலர்த்தாவிட்டால் புண் வரும். இளைப்பு அடங்காமல் நாய் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

புல்டாக்கின் குறட்டையைக் கேட்டுப் பலர் சிரிக்கிறார்கள். அது காற்றுக்கு வழி போதவில்லை என்னும் அறிகுறியாகும். அது எப்போதும் படுத்தே கிடந்தால், சாதுவான குணம் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மூச்சுப் போதாமையாகவும் இருக்கலாம்.

நெதர்லாந்தில், மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள நாய்களை இனப்பெருக்கம் செய்வதற்கு 2019 முதல் தடை உள்ளது. மூர்க்கத்தைக் குறைத்த அதே தேர்வு முறையால் மூக்கையும் சற்று நீளச் செய்ய முடியும். அதற்கு, வாங்குவோர் முகத்தைப் பார்க்குமுன் மூச்சைக் கவனிக்கப் பழக வேண்டும்.