வீட்டுப் புகைக்கும் ஒரு பேரேடு

சங்கத்தின் வரவு செலவை ஆண்டுதோறும் சரிபார்க்கும் நாம், நம் வீடு காற்றில் விடும் கரியமில வாயுவுக்குக் கணக்கு வைப்பதில்லை. புகையைத் தராசில் நிறுப்பது எங்ஙனம் என அங்கத்தினர் வினவலாம். நிறுக்க வேண்டுவதில்லை. எரித்த பொருளின் அளவை, அதற்குரிய வெளியீட்டு எண்ணால் பெருக்கினால் போதும். நாடுகள் தம் கணக்கைத் தயாரிப்பதும் இம்முறையிலேயே.

சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ வாயு உள்ளது. அது எரிந்தால் ஏறக்குறைய 42.5 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. எடை மும்மடங்காவது ஏன்? 12 பங்கு கரியுடன் காற்றிலுள்ள பிராணவாயு 32 பங்கு சேர்ந்து 44 பங்காகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்ததே. பெட்ரோலுக்கு லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 2.3 கிலோ, மின்சாரத்திற்கு யூனிட் ஒன்றுக்குச் சுமார் 0.7 கிலோ.

முக்கூடலுக்கு மேற்கே பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின்சாரம் உற்பத்தியாகிறதே, நம் விளக்குக்குப் புகை ஏது என்று சிலர் கேட்பர். பாபநாசத்து நீரும், தூத்துக்குடியில் எரியும் நிலக்கரியும், கூடங்குளத்து அணுவும் தரும் மின்சாரம் ஒரே வலையில் கலக்கிறது. கூடலில் கலந்த நீரை ஆறு ஆறாகப் பிரிக்க இயலுமோ? ஆகவேதான் நாட்டின் சராசரியை எடுத்துக்கொள்கிறோம்.

விறகின் கரியமில வாயு, மரம் வெட்டிய நிலத்தின் கணக்கைச் சேரும். வீட்டுக் கணக்கில் கூட்டப்படாது. அடுப்பில் எழும் மீத்தேன் போன்றவை மட்டுமே கூட்டப்படும். ஆயினும் அப்புகை நம் பெண்மக்களின் நெஞ்சைக் கெடுப்பதை எந்தப் பேரேடும் காட்டாது. நீர் தேங்கிய நெல்வயலின் மீத்தேன் வேளாண்மைக் கணக்கிற்கு உரியது.

ஐவர் வாழும் வீடொன்று ஆண்டுக்கு 8 உருளை, 1,200 யூனிட், 120 லிட்டர் பெட்ரோல் செலவிடுவதாகக் கொள்வோம். 340, 840, 276 ஆகியவற்றைக் கூட்ட 1,456 கிலோ. அதில் 400 யூனிட் தறிக்கொட்டகைக்குச் சென்றதெனில், 280 கிலோ தொழிற்கணக்கைச் சேரும். எஞ்சிய 1,176 கிலோவை ஐவருக்குப் பகிர்ந்தால் தலைக்குச் சுமார் 235 கிலோ. இவ்வாறு தொழிலைப் பிரித்து, தலைக்கணக்கும் பாராவிடில், நெசவாளர் குடும்பமும் கூட்டுக்குடும்பமும் வீணே பழி சுமக்கும்.

பிறர் நம்மைக் கணக்கிடும் முன், நம் கணக்கை நாமே அறிந்திருத்தல் நலம். மின்கட்டண அட்டையையும் உருளை வாங்கிய தேதிகளையும் ஓராண்டு குறித்து வருவோமாக.